அவசரமில்லாத பிரன்ச்: பக்கத்துத் தெரு கஃபேயில் இரண்டு மணி நேரம் நிம்மதியாக உட்கார ஒரு முழுமையான வழிகாட்டி

காலைச் சாப்பாட்டுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவில் சாப்பிடுவதுதான் பிரன்ச், இதில் வழிகாட்டி எழுத என்ன இருக்கிறது என்று நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பல வருடம் என் ஞாயிற்றுக்கிழமை பிரன்ச் எப்படி இருந்தது என்றால், பதினொன்றரை மணிக்குக் கொலைப்பசியோடு போவது, வாசலில் முக்கால் மணி நேரம் கால் மாற்றி நிற்பது, உள்ளே இடம் கிடைத்ததும் மெனுவில் பாதியை ஆர்டர் செய்வது, வந்ததைப் பத்து நிமிடத்தில் உள்ளே தள்ளிவிட்டு வயிறு கனக்க, காது இரைய, "வீட்டிலேயே இருந்திருக்கலாம்" என்று முனகிக்கொண்டே திரும்பி வருவது. சாப்பாட்டில் ஒரு குறையும் இருக்காது. போன விதம்தான் தப்பு.

பிரன்ச் என்ற சொல்லுக்கு வயது நூற்றுச் சொச்சம். இங்கிலாந்தில் 1895-இல் கை பெரிங்கர் என்பவர் ஹன்டர்ஸ் வீக்லி என்ற பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். ஞாயிறு காலையில் சீக்கிரம் எழுந்து கனத்த சாப்பாடு சாப்பிடுவதை விட்டுவிட்டு, நிதானமாக எழுந்து நண்பகல் வாக்கில் லேசாகத் தொடங்கிப் பிறகு கனமானதுக்குப் போகலாமே, சனிக்கிழமை இரவு நேரம் கழித்துத் தூங்கியவர்களுக்கும் அது புண்ணியமாகப் போகும் என்பதுதான் அதில் அவர் வைத்த வேண்டுகோள். கூடவே, இந்தச் சாப்பாடு பேச வைக்கும் சாப்பாடு என்றும் சொன்னார். நமக்கு வேண்டியது இந்த இரண்டும்தான்: லேசாகத் தொடங்குவது, பேசிக்கொண்டே இருப்பது. கீழே இருக்கும் எல்லாப் படிகளும் இதற்காகத்தான்.

படி 1: முந்தின நாளே முடிவு செய்ய வேண்டியவை

முதலில் நேரம். கஃபேக்களில் விடுமுறை நாள் கூட்டம் பொதுவாகப் பத்தரையிலிருந்து பன்னிரண்டரை வரை உச்சத்தில் இருக்கும். அந்த இரண்டு மணி நேரத்தில் அடுப்படியில் நிற்பவர் முட்டையைப் பார்ப்பதே இல்லை, வரிசையாக ஒட்டிய ஆர்டர் சீட்டுகளைத்தான் பார்க்கிறார். அதனால் ஒன்று ஒன்பதரை, ஒன்பதேமுக்காலுக்கே போய் உட்கார்ந்துவிடுங்கள், இல்லையென்றால் பன்னிரண்டே முக்காலுக்கு மேல் போங்கள். எனக்குப் பிடித்தது முதல் வழி, ஏனென்றால் கூட்டம் வரும்போது நாம் ஏற்கெனவே இரண்டாவது காபியில் இருப்போம், அடுத்தவர்கள் இடத்துக்கு அலைவதைப் பார்ப்பதில் கொஞ்சம் அற்ப சந்தோஷமும் உண்டு. தாமதமாகப் போவதாக இருந்தால் ஒரு போன் போட்டு கிச்சன் எத்தனை மணிக்கு மூடும், காலை மெனு எத்தனை மணிக்கு மாறும் என்று கேட்டுவிடுங்கள். கடை நான்கு மணி வரை திறந்திருக்கும், ஆனால் முட்டை வகையறா இரண்டு மணியோடு சரி என்பது ரொம்ப சகஜம்.

அடுத்தது ஆட்கள். இரண்டு பேரிலிருந்து நான்கு பேர் வரை சரி. ஐந்தாவது ஆள் வந்ததும் மேசையில் பேச்சு இரண்டாகப் பிரியும். ஆறு பேர் என்றால் மேசையே கிடைக்காது, கிடைத்தாலும் ஒரு முனையில் இருப்பவர் சொன்ன ஜோக்கை மறுமுனைக்கு அஞ்சல் செய்ய வேண்டியிருக்கும். எண்ணிக்கையைவிட முக்கியம், பன்னிரண்டு மணிக்கு வேறு எங்கோ போக வேண்டிய ஆளைக் கூப்பிடாமல் இருப்பது. அவர் நல்லவராகவே இருக்கட்டும், அவர் கடிகாரத்தைப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் மேசையில் எல்லோரும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள். அவரை ஒரு காபிக்குத் தனியாகப் பார்த்துக்கொள்ளலாம். ஆளே இல்லாமல் தனியாகப் போவதும் அருமையான விஷயம், அதற்குப் பின்னால் வருகிறேன்.

மூன்றாவது வயிறு. வெறும் வயிற்றோடு போகாதீர்கள். "நல்லாச் சாப்பிடணும்னு காலையிலிருந்து ஒண்ணும் சாப்பிடலை" என்று பெருமையாகச் சொல்பவர்கள்தான் மெனுவைப் பார்த்ததும் நிலைகுலைந்து போகிறார்கள். எழுந்ததும் ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு வாழைப்பழமோ ஒரு கைப்பிடி பாதாமோ போதும். பசியின் முனை மழுங்கியிருக்க வேண்டும், அவ்வளவுதான். அப்போதுதான் முதல் அரை மணி நேரம் காபியை மட்டும் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருக்க முடியும்.

படி 2: கஃபேயை நோட்டம் விடுவது

நடந்து போகும் தூரத்தில் இருப்பது முதல் தகுதி. வண்டி எடுத்து, டிராபிக்கில் மாட்டி, பார்க்கிங் தேடிப் போகும் இடத்தில் உட்காரும்போதே பாதி நிம்மதி செலவாகியிருக்கும். ஊரிலேயே சிறந்த கஃபேயாக இருக்க வேண்டிய அவசியமில்லை. சுமாரான காபி தரும் பக்கத்துத் தெருக் கடை, பிரமாதமான காபி தரும் தூரத்துக் கடையைவிடப் பிரன்ச்சுக்கு ஏற்றது என்பது என் கட்சி. இதில் என் வீட்டிலேயே எதிர்க்கட்சி உண்டு.

உள்ளே நுழைந்ததும் மூன்று இடங்களைப் பாருங்கள்.

மெனு எவ்வளவு நீளம்? பத்துப் பன்னிரண்டு ஐட்டம் இருந்தால் நல்லது. நான்கு பக்கம் ஓடுகிறது, முட்டையும் பாஸ்தாவும் பர்கரும் நூடுல்ஸும் ஒரே அடுப்படியிலிருந்து வருகின்றன என்றால் பலது ஃப்ரீசரில் காத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

பக்கத்து மேசைத் தட்டுகளில் என்ன மிஞ்சியிருக்கிறது? இது மெனு படத்தைவிட நேர்மையானது. மூன்று தட்டுகளில் ஒரே பன் பாதியோடு கிடந்தால் அதை ஆர்டர் செய்யாதீர்கள்.

காபி மெஷின் பக்கம் என்ன சத்தம் வருகிறது? பால் நுரைக்கும்போது முதல் சில நொடிகள் காகிதம் கிழிவது போல மெல்லிய ஒலி வரும், அதில்தான் காற்று பாலுக்குள் போகிறது, அப்புறம் ஒரு தணிந்த உறுமலாக மாறி நின்றுவிட வேண்டும். முழுக்க முழுக்கக் கீச்சென்று அலறினால் காற்றே போகவில்லை, நுரை இல்லாத சூட்டுப் பால்தான் கிடைக்கும். நுரைக்கும் குழாயை ஒவ்வொரு முறையும் ஈரத்துணியால் துடைத்து, ஒரு நொடி நீராவியை வெளியே விடுகிறாரா என்பதையும் பாருங்கள். அந்த ஒரு பழக்கம் இருக்கிற ஆள் மற்றதையும் சரியாகச் செய்வார் என்று நம்பிப் போகலாம். ஏற்கெனவே சூடாக்கி மிஞ்சிய பாலிலேயே புதுப் பாலை ஊற்றித் திரும்ப நுரைத்தால், அங்கே டீ குடியுங்கள்.

படி 3: இடம் பிடிப்பது

இதைத்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். காலியாக இருக்கும் முதல் மேசையில் போய் உட்கார்ந்துவிடுகிறோம், அது ஏன் காலியாக இருந்தது என்று பத்து நிமிடம் கழித்துத்தான் புரிகிறது.

கதவுக்கு நேரே வேண்டாம், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் காற்றும் தெருச் சத்தமும் முதுகில் விழும். காபி அரைக்கும் மெஷினுக்கும், ஆர்டர் எடுத்துப் போக வருபவர்கள் நிற்கும் இடத்துக்கும் பக்கத்தில் வேண்டாம், யாருடைய பையாவது உங்கள் தோளில் இடித்துக்கொண்டே இருக்கும். கழிவறைக்குப் போகும் வழி பற்றிச் சொல்லவே வேண்டாம். ஜன்னலோரம் அழகுதான், ஆனால் கிழக்கு ஜன்னல் என்றால் பத்து மணிக்குக் கண்ணில் வெயில், அது தணிவதற்குள் நாம் பில் கேட்டிருப்போம்.

சத்தத்தைப் பற்றி ஒரு விஷயம். கண்ணாடி, கான்கிரீட், டைல்ஸ் இவையெல்லாம் சத்தத்தைத் திருப்பி அடிக்கும். புத்தக அலமாரி, திரைச்சீலை, மெத்தை வைத்த பெஞ்ச் இருக்கும் மூலை கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். சுற்றிலும் சத்தம் ஏற ஏற நாமும் அறியாமலே குரலை உயர்த்துவோம், அதைக் கேட்டு அடுத்த மேசை உயர்த்தும், அப்படியே கடை முழுக்கப் பரவும். இதை லொம்பார்ட் விளைவு என்பார்கள், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதைக் கவனித்துச் சொன்ன பிரெஞ்சு மருத்துவரின் பெயர் அது. பதினோரு மணிக்கு நம் தொண்டை வலிப்பதற்கு இதுதான் காரணம். ஆகவே மெத்தை பெஞ்ச் இருக்கும் மூலையைப் பார்த்ததும் வெட்கப்படாமல் வேகமாக நடங்கள்.

சரி, நல்ல இடம் கிடைத்துவிட்டது, மேசை ஆடுகிறது. டிஷ்யூவை எட்டாக மடித்துக் காலுக்கு அடியில் செருகுவதற்கு முன்னால் மேசையை அதே இடத்தில் மெதுவாகச் சுழற்றிப் பாருங்கள். நான்கு கால்களும் ஒரே உயரமாக இருந்து தரைதான் மேடு பள்ளமாக இருக்கிறது என்றால், கால் வட்டம் சுற்றுவதற்குள் நான்கும் தரையைத் தொடும் ஒரு நிலை வந்தே தீரும். சதுர மேசைக்கு இதைக் கணக்குப் போட்டே நிரூபித்திருக்கிறார்கள், தரை ரொம்பச் சரிவாக இல்லாமல் இருந்தால் போதும். நான் இதை முதல் தடவை செய்தபோது கூட இருந்தவர்கள் ஏதோ பூஜை நடக்கிறது என்று நினைத்தார்கள். மேசை நின்றுவிட்டது. மேசைக்காலே குட்டையாக இருந்தால் மட்டும் டிஷ்யூ.

படி 4: ஒரே மூச்சில் ஆர்டர் செய்யாதீர்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்டரை இரண்டு சுற்றாகப் பிரியுங்கள். முதல் சுற்றில் தண்ணீர், ஆளுக்கொரு காபி அல்லது டீ, நடுவில் வைத்துப் பிய்த்துச் சாப்பிட ஏதாவது ஒன்று, ஒரு குரோசான்டோ ஒரு கிண்ணம் பழமோ. இருபது நிமிடம், அரை மணி கழித்து இரண்டாவது சுற்று. எல்லாவற்றையும் ஒன்றாகச் சொன்னால் எல்லாம் ஒன்றாக வரும், மேசையில் இடம் இருக்காது, ஒன்றைச் சாப்பிடும்போது மற்றது ஆறும், காபி ஆறுகிறதே என்று முட்டையை விழுங்குவீர்கள். பரிமாறுபவரிடம் முன்கூட்டியே "முதல்ல காபி மட்டும், சாப்பாடு கொஞ்சம் கழிச்சுச் சொல்றோம்" என்று சொல்லிவிட்டால் அவருக்கும் நிம்மதி. கூட்டம் உச்சத்தில் இருக்கும் நேரம் என்றால் இந்த இரண்டாவது ஆர்டர் நீண்ட வரிசையின் கடைசியில் போய் நிற்கும், அதற்காகத்தான் சீக்கிரமே போகச் சொன்னேன்.

குழந்தைகள் கூட வந்தால் இந்த விதி அவர்களுக்குப் பொருந்தாது. அவர்கள் சாப்பாட்டை முதல் சுற்றிலேயே சொல்லிவிடுங்கள்.

காபியில் என்ன கேட்பது? எஸ்பிரெஸ்ஸோ என்பது சுமார் 18 கிராம் தூளை அழுத்தி, 9 பார் அழுத்தத்தில் சூட்டு நீரை 25, 30 நொடி செலுத்தி, 36 கிராம் அளவுக்கு இறக்குவது. கஃபேக்குக் கஃபே கொஞ்சம் மாறும். மற்றதெல்லாம் இதன் மேல் ஊற்றும் பாலின் கணக்குதான். பால் நிறைய, மேலே மெல்லிய நுரை என்றால் லாட்டே. பால் குறைவு, நுரை தடிமன் என்றால் கப்புச்சினோ. அதைவிடச் சின்ன கப், பட்டுப் போன்ற நுரை என்றால் ஃபிளாட் வைட், இது எங்கள் ஊர்ச் சரக்கு என்று ஆஸ்திரேலியர்களும் நியூசிலாந்துக்காரர்களும் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். "நல்லா சூடா கொடுங்க" என்று கேட்பது நம்மில் பலருக்குப் பழக்கம். பால் 60, 65 டிகிரி செல்சியஸில் இருக்கும்போதுதான் இனிப்பு நன்றாகத் தெரியும், 70-ஐத் தாண்டினால் காய்ச்சிய பால் வாடை ஏறிவிடும். கேட்பது உங்கள் உரிமை, என்ன இழக்கிறீர்கள் என்று தெரிந்து கேளுங்கள்.

நீண்ட பேச்சுக்கு ஏற்றது பால் இல்லாத ஃபில்டர் வகைக் காபி, பேப்பர் வைத்துச் சொட்டுச் சொட்டாக இறக்குவார்களே அது. பால் காபி ஆறினால் பரிதாபமாக இருக்கும். கருப்புக் காபி ஆற ஆற வேறு வேறு ருசி காட்டும், சூட்டில் தெரியாத பழப் புளிப்பு பாதிக் கப்பில் எட்டிப் பார்க்கும். ஒரே கப்பை நாற்பது நிமிடம் வைத்துக்கொண்டிருக்கலாம், யாரும் ஒன்றும் சொல்ல முடியாது.

இரண்டாவது கப் வேண்டும் என்றால் ஒரு சின்னக் கணக்கு. உடம்பில் போன காஃபீன் பாதியாகக் குறையப் பெரியவர்களுக்குச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும், ஆளுக்கு ஆள் இது நிறைய மாறும். பன்னிரண்டு மணிக்குக் குடித்ததில் பாதி மாலை ஐந்துக்கும், கால் பங்கு இரவு பத்துக்கும் உள்ளேயே இருக்கும். இரவுத் தூக்கம் லேசான ஆசாமிகள் இரண்டாவதைக் காஃபீன் நீக்கிய டீகாஃப் காபியாகக் கேட்கலாம், அதிலும் காஃபீன் துளி இருக்கும், ஆனால் தூக்கத்தைக் கெடுக்கும் அளவுக்கு இருக்காது.

டீ கேட்டவர்கள் பையை மூன்று நான்கு நிமிடத்தில் எடுத்து வெளியே வைத்துவிடுங்கள். பேச்சு சுவாரசியத்தில் மறந்துவிட்டுக் கசக்கிறது என்று கடையைத் திட்டுவது நியாயமில்லை.

படி 5: முட்டை

பிரன்ச் மெனுவில் முக்கால்வாசி முட்டைதான். ஒரு விஷயம் தெரிந்தால் இந்தப் பக்கம் முழுக்கப் புரிந்துவிடும்: வெள்ளைக்கரு 62 டிகிரி வாக்கில் இறுகத் தொடங்குகிறது, மஞ்சள் கரு 65-இல் கெட்டிப்பட ஆரம்பித்து 70-இல் நன்றாக இறுகிவிடுகிறது. சமையல்காரரின் வித்தை முழுக்க இந்தச் சில டிகிரிகளுக்குள் நடக்கிறது. தட்டு கவுன்டரில் ஐந்து நிமிடம் நின்றாலே முட்டை தன் சொந்தச் சூட்டில் வெந்துகொண்டே போகும். ஸ்கிராம்பிள்டு எக்ஸை அடுப்பிலிருந்து கொஞ்சம் தளர்வாகவே இறக்க வேண்டும் என்பது இதனால்தான், மேசைக்கு வரும்போது சரியாக இருக்கும். தட்டு ஓரத்தில் தண்ணீர் பிரிந்து நின்றால் அது அடுப்பிலேயே ரொம்ப நேரம் இருந்துவிட்டது.

ஓடில்லாமல் கொதிக்காத சூட்டு நீரில் நேரே உடைத்து ஊற்றி வேகவைப்பது போச்டு எக். இதற்குப் புது முட்டை வேண்டும், ஏனென்றால் நாள்பட்ட முட்டையின் வெள்ளைக்கரு நீர்த்துப் போய்த் தண்ணீரில் நூல் நூலாகப் பிரியும். கூட்டம் அதிகமுள்ள கஃபேக்களில் காலையிலேயே நாற்பது ஐம்பது முட்டையை இப்படி அரைவேக்காடாக எடுத்து ஐஸ் தண்ணீரில் போட்டுவைத்து, ஆர்டர் வந்ததும் ஒரு நிமிடம் சூட்டு நீரில் முக்கித் தருவார்கள். இதில் ஏமாற்று எதுவும் இல்லை, ஒழுங்காகச் செய்தால் வித்தியாசமே தெரியாது. ஆனால் நடுவில் குளிர்ந்திருந்தால் அந்த ஒரு நிமிடம் அரை நிமிடமாகியிருக்கிறது.

பன் மேல் போச்டு எக் வைத்துத் தரும் எக்ஸ் பெனடிக்ட் கேட்பவர்கள் மேலே ஊற்றியிருக்கும் ஹாலண்டேஸ் சாஸைப் பாருங்கள். மஞ்சள் கருவையும் உருக்கிய வெண்ணெயையும் எலுமிச்சைச் சாற்றோடு இளஞ்சூட்டில் அடித்து உண்டாக்குவது அது. சூடு கூடினால் திரிந்து எண்ணெய் பிரியும், குறைந்தால் வெண்ணெய் உறையும், அதிக நேரம் அந்த இளஞ்சூட்டிலேயே வைத்திருப்பது கிருமிகளுக்குக் கொண்டாட்டம். பளபளவென்று வழிந்தால் சாப்பிடுங்கள். மேலே ஆடை கட்டி மங்கலாக இருந்தால் அது ரொம்ப நேரமாகக் காத்திருக்கிறது. கூட்டம் ஓய்ந்து கடை மூடப்போகும் நேரத்தில் நான் இதைக் கேட்பதே இல்லை, அப்போது ஆம்லெட்தான். கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், வயதானவர்கள் இருந்தால் மஞ்சள் கரு முழுக்க வெந்ததாகக் கேட்பது நல்லது, இந்த சாஸையும் தள்ளிவிடலாம்.

முட்டைக்கு வெளியே இரண்டு மூன்று வார்த்தை. அவகாடோ டோஸ்டை உலகம் முழுக்கக் கஃபே மெனுக்களில் ஏற்றிவிட்ட பெருமை பெரும்பாலும் சிட்னியின் பில் கிரேஞ்சருக்குத் தரப்படுகிறது, 1993-இல் திறந்த தன் கஃபேயில் அவர் அதைப் பரிமாறினார். அதில் பார்க்க வேண்டியது நிறம், பளிச்சென்ற பச்சை என்றால் இப்போதுதான் மசித்தது, ஓரம் பழுப்பேறியிருந்தால் காலையில் மசித்தது. அப்புறம் ரொட்டி, கனமாக வெட்டி நன்றாக முறுகவிட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் மூன்றாவது கடியில் நடு மடிந்து மடியில் விழும். பிரெஞ்ச் டோஸ்டுக்குப் பழைய ரொட்டிதான் சரி, காய்ந்த ரொட்டிதான் முட்டைப் பாலை உறிஞ்சிக்கொண்டும் உடையாமல் நிற்கும், அதனால் "நேத்து ரொட்டியா" என்று முகம் சுளிக்காதீர்கள். பான்கேக் வந்த உடனே சாப்பிட வேண்டிய பொருள், போட்டோவுக்குக் காத்திருக்காது.

இனிப்பை ஆளுக்கொன்று வாங்காதீர்கள். நான்கு பேருக்கு ஒரு இனிப்புத் தட்டு, மேசை நடுவில், நான்கு ஃபோர்க். ஆளுக்கு நான்கு வாய், அதற்கு மேல் அது வெறும் சர்க்கரை.

படி 6: வந்த சாப்பாடு சரியில்லை என்றால்

ஒரு கஃபேயில், பெயர் வேண்டாம், எனக்கு வந்த ஆம்லெட் உள்ளே ஜில்லென்று இருந்தது. பரிமாறிய பெண் இரண்டு தடவை வந்து "எல்லாம் ஓகேவா?" என்று கேட்டார். இரண்டு தடவையும் தலையை ஆட்டிச் சிரித்தேன். முழுசாகச் சாப்பிட்டேன். வெளியே வந்து வீடு வரைக்கும் அந்த ஆம்லெட்டைப் பற்றியே பேசினேன், கடைசியில் மனைவி, "இதையெல்லாம் அங்கே சொல்லியிருந்தா வேற போட்டுக் கொடுத்திருப்பாங்க, எனக்கும் நடக்கிற நிம்மதி கிடைச்சிருக்கும்" என்றாள். நியாயம்தானே.

முதல் இரண்டு வாயிலேயே சொல்லிவிடுங்கள். குரலை உயர்த்த வேண்டாம், காரணமும் நீளமாக வேண்டாம்: "இது உள்ளே சூடாகலை, கொஞ்சம் பார்க்கிறீங்களா?" போதும். முக்கால் தட்டு காலியான பிறகு சொன்னால் அவர்களுக்கும் என்ன செய்வது என்று தெரியாது. எல்லோருடைய தட்டும் ஒரே நேரத்தில் வராமல் போனால், வந்தவர் தொடங்கிவிட வேண்டும். மற்றவர்களுக்காக அவர் காத்திருப்பதில் மரியாதை எதுவும் இல்லை, ஆறிய முட்டைதான் இருக்கிறது.

படி 7: நடுவில் வரும் வெற்று நேரம்

சாப்பிட்டு முடிந்த பிறகு ஒரு இருபது நிமிடம் வரும். தட்டுகளை எடுத்துப் போயிருப்பார்கள், பேச்சு ஒரு இடத்தில் வந்து நின்றிருக்கும், யாருக்கும் எதுவும் சொல்லத் தோன்றாது. இந்த இடத்தில்தான் எல்லோர் கையும் போனைத் தேடிப் போகிறது. போகட்டும் என்று விட்டுவிடாதீர்கள், ஏனென்றால் பிரன்ச்சின் மிக நல்ல பேச்சு இந்த மௌனத்துக்கு அப்புறம்தான் வரும். வேலை, விலைவாசி, யார் யாருக்குக் கல்யாணம் என்பதெல்லாம் முதல் ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு யாரோ ஒருவர் டம்ளரைச் சுழற்றிக்கொண்டே "அப்பாவுக்கு ஆபரேஷன்னு சொன்னேன்ல..." என்று ஆரம்பிப்பார். அந்த வாக்கியம் போன் திரை எரிந்துகொண்டிருக்கும் மேசையில் வெளியே வராது.

நான் செய்வது இது: சாப்பாடு வந்ததும் ஒரே ஒரு போட்டோ, அப்புறம் போன் சைலன்ட்டில், பைக்குள்ளே. மேசையில் கவிழ்த்து வைப்பது போதாது, கவிழ்த்த போனும் கண்ணை இழுத்துக்கொண்டே இருக்கும். அவசர அழைப்பு வரக்கூடியவர்கள் அந்த ஒரு எண்ணுக்கு மட்டும் சத்தம் வரும்படி வைத்துக்கொள்ளலாம்.

தனியாகப் போனவர்களுக்கு இந்த நேரம்தான் மொத்தப் பிரன்ச்சும். கையில் ஏதாவது காகிதத்தில் இருக்கட்டும், செய்தித்தாள், குறுக்கெழுத்து, பாதியில் விட்ட நாவல். கவுன்டரை ஒட்டிய உயர நாற்காலியோ இரண்டு பேர் மேசையோ எடுத்துக்கொள்ளுங்கள், நான்கு பேர் மேசையில் தனியாகப் பரவி உட்கார்ந்தால் வாசலில் நிற்கும் குடும்பத்தின் பார்வையில் காபி இறங்காது. லேப்டாப்பைத் திறந்துவிட்டால் அது பிரன்ச் இல்லை, ஆபீஸ்.

படி 8: எழுந்து வருவது

எவ்வளவு நேரம் உட்காரலாம்? கடை காலியாக இருந்தால் அவர்கள் நாற்காலியைக் கவிழ்க்கும் வரை உட்காரலாம். வெளியே வரிசை நிற்கிறது என்றால் ஒன்றரை மணி நேரம் என் கணக்கு, அதற்கு மேல் ஒன்று இன்னொரு ரவுண்டு ஏதாவது சொல்ல வேண்டும், இல்லை எழுந்துவிட வேண்டும். சின்ன கஃபேக்கு விடுமுறை நாளின் அந்த இரண்டு மூன்று மணி நேரம்தான் வாரத்தின் வருமானத்தில் பெரிய பங்கு. மேசை சுற்றினால்தான் அவர்கள் அடுத்த வருடமும் நம் தெருவில் இருப்பார்கள்.

பில்லை எப்படிப் பிரிப்பது என்பதை ஆர்டருக்கு முன்பே பேசிவிடுங்கள். இரண்டு மணி நேரம் அருமையாகப் பேசிவிட்டு, கடைசியில் யார் எத்தனை காபி குடித்தோம் என்று விரல் விட்டு எண்ணுவது பார்க்கவே கஷ்டமாக இருக்கும். எங்கள் கூட்டத்தில் முறை வைத்துக் கொடுக்கிறோம், இந்தத் தடவை நீ, அடுத்த தடவை நான். கணக்கு எப்போதும் சரியாக வராது. அடுத்த தடவை என்று ஒன்று இருப்பதற்கு அது ஒரு காரணமாகவும் இருக்கிறது.

போகும்போது தட்டுகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிக் கோபுரம் கட்டாதீர்கள், உதவி என்று நினைத்துச் செய்வோம், அடியில் அழுக்காகி இரண்டு மடங்கு வேலை. டிஷ்யூவைக் காபிக் கப்புக்குள் திணிக்காமல் தட்டில் வைத்தாலே போதும்.

வெளியே வந்ததும் நேரே வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடாமல் பத்துப் பதினைந்து நிமிடம் நடங்கள். சாப்பிட்டதும் மெதுவாக நடப்பது ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று ஏறுவதைக் குறைக்கிறது என்பது நன்றாகத் தெரிந்த விஷயம், பான்கேக்கும் சிரப்பும் உள்ளே போன நாளில் அது இன்னும் தேவை. நாங்கள் வந்த வழியில் திரும்புவதில்லை, சுற்று வழியில்தான் போவோம். அந்த நேரத்தில் மதியச் சாப்பாட்டுக்கு என்ன என்று யாராவது கேட்டால் அவருக்குப் பதில் கிடையாது. நான்கு மணிக்கு ஒரு பழம், இரவு ஏழரைக்கு லேசாக ஏதாவது. எங்கள் வீட்டில் பெரும்பாலும் அது காலையில் கஃபேயிலிருந்து பொட்டலம் கட்டி வந்த அந்தப் பாதி டோஸ்ட்தான், தவாவில் வைத்து, ஓரம் முறுகும் வரை.